வரைந்து வைத்த பச்சை விளக்கு

அவர் யாரிடமும் "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான்கு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். தினமும் பத்துப் பேராவது அவரைத் தேடி வருவார்கள். கைபேசி ஓயாமல் அடிக்கும். அத்தனை பேருக்கும் அவரிடமிருந்து கிடைத்தது ஒரே பதில்தான்: "கரெக்ட்." சிலருக்கு "கரெக்ட்தான் மொதலாளி", சிலருக்கு "நூத்துக்கு நூறு கரெக்ட்", என்னைப் போன்றவர்களுக்கு "நீ சொல்றது கரெக்ட்மா". எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். திருவண்ணாமலையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றைக்கும் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை என்று கேள்விப்படுகிறேன். எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் இப்போதும் எழுந்து போய்விடத் தோன்றுகிறது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாடியில் அவருடைய பட்டறை இருந்தது. ரைஸ் மில், கடலை மில், பால் குளிரூட்டும் நிலையம், தண்ணீர்த் தொட்டி என்று எங்கெல்லாம் மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்க வேண்டுமோ, அங்கெல்லாம் சுவரில் மாட்டுகிற பேனல் பெட்டிகளைச் செய்து கொடுத்தோம். பெட்டிக்குள் கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கும். சுவிட்சுகளும் சென்சார்களும் சொல்வதை அது கேட்டுக்கொள்ளும். நாம் எழுதி வைத்த கட்டளைப்படி மோட்டார்களை ஓட்டும், நிறுத்தும். அந்தக் கட்டளையை எழுதுவது என் வேலை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் அதையே செய்துவிட்டு, கல்யாணமாகி ஊருக்குத் திரும்பியிருந்தேன்.

கன்ட்ரோலரில் வகைகள் உண்டு. எங்கள் பக்கத்து மில்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, எல்லாம் ஒரே டப்பாவில் அடங்கிய சின்ன வகை. அதில் எத்தனை கம்பி சொருகலாம் என்பது செய்யும்போதே முடிவாகிவிடும். அதிலும் அடிமட்ட மாடலில் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்கவும் வழியிருக்காது. இன்னொன்று, அலமாரியில் புத்தகம் அடுக்குகிற மாதிரி வேண்டிய அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகிற வகை. எதை எடுப்பது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. மில்லைச் சுற்றி நடந்து எத்தனை சுவிட்ச், எத்தனை மோட்டார் என்று எண்ண வேண்டும். நாளைக்கு ஒன்று கூடினால் இடம் வேண்டுமே என்று கொஞ்சம் மிச்சம் விட வேண்டும். தூசி எவ்வளவு, சூடு எவ்வளவு, கரண்ட் போய்த் திரும்பி வந்தால் எது முதலில் ஓட வேண்டும் என்று நாலு கேள்வி கேட்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, "நீங்க கேக்குற டப்பா பத்தாதுங்க" என்று மில் முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் அவருக்குக் கிடையாது.

ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கிட்டே வந்தால் ஜவ்வாது வாசனை. பேசும்போது எதிரே இருப்பவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருக்கும். விட்ட பிறகும் அந்த ஈரம் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பழக்கம், நாம் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதன் கடைசி வார்த்தையை அவரும் நம்மோடு சேர்ந்து சொல்வார். "இந்த ஒயரு ரொம்ப..." என்று ஆரம்பித்தால் "...மோசம்" என்று இரண்டு குரலில் முடியும். முதல் மாதம் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நாம் நினைப்பதை இவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிற முதலாளி யாருக்குக் கிடைப்பார் என்று வீட்டில் சொன்னேன்.

வீட்டில் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குப் போவது என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாரே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மாமியார் தன் குறையையெல்லாம் கொட்டினார். "கரெக்ட்மா. பொண்ணுங்க ஊட்ட பாத்துக்கறதுதான் லட்சணம். நானே எங்க ஊட்டுல அதான் சொல்வேன்" என்றார் அவர். மாமியாருக்கு வாயெல்லாம் பல். வாசல்வரை வழியனுப்பப் போனபோது என்னிடம் தாழ்ந்த குரலில், "படிச்ச படிப்பு வீணா போவக்கூடாதும்மா, நீ வேலைக்கு வர்றதுதான் கரெக்ட்" என்றார். மறுநாள் மாமியார், "அவ்ளோ நல்ல மனுசன்கிட்ட வேலை செய்யறதுல தப்பில்ல" என்று சொல்லி டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தார். அன்று நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அவருடைய இந்தக் குணத்தால் எனக்கும் லாபம் இருந்தது என்பதை மறைத்துவிட்டு அவரைத் திட்டுவது நியாயமில்லை.

முதல் கசப்பு ரமணாசிரமம் பக்கத்தில் வந்தது. அங்கே ஒரு வெளிநாட்டுத் தம்பதி சின்ன விடுதி நடத்தினார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் தானாக ஏற வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்குத் தொட்டிக்குள் மிதக்கிற ஒரு சுவிட்சே போதும். கன்ட்ரோலரே தேவையில்லை. அந்த அம்மாளுக்குக் கைபேசியிலிருந்து மோட்டாரை ஓட்டுகிற வகை வேண்டும். கணவருக்கோ, தியானம் செய்கிற இடத்தில் அலைவரிசை எதுவும் பரவக்கூடாது, கைபேசியோடு சம்பந்தமே இல்லாத வகைதான் வேண்டும். இவர் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் இருவரையும் தனித்தனியாகக் கையைப் பிடித்து ஆமோதித்தார். பட்டறைக்கு வந்து, "ரெண்டையும் மாட்டிடும்மா" என்றார். ஒரே மோட்டாருக்கு இரண்டு கன்ட்ரோலர்!

"சார், ஒண்ணு ஓட்டும், இன்னொண்ணு நிறுத்தும். சண்டை போட்டுக்கும்" என்றேன்.

"கரெக்ட்மா. சண்டை போடத்தான் செய்யும். ஆனா ரெண்டு பேருமே ஆசைப்பட்டுக் கேக்கறாங்க பாரு."

மாட்டினோம். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பக்கத்து அறையில் மோட்டார் டக்கென்று ஓடி டக்கென்று நின்று, மறுபடி ஓடி, இரண்டே வாரத்தில் கருகிப் போனது. அவர் நேரில் போனார். அம்மாளிடம் கணவருடைய பெட்டிதான் காரணம் என்றார். கணவரிடம் அம்மாளின் பெட்டிதான் என்றார். நான் கூடவே இருந்து இரண்டையும் கேட்டேன். அவர்களுக்குள் பேச்சு முற்றி அந்த அம்மாள் எழுந்து போய்விட்டாள். இவர் சாந்தமாக அவர்கள் கொடுத்த இஞ்சி டீயைக் குடித்துவிட்டு, இவ்வளவு நல்ல டீ எங்கேயும் குடித்ததில்லை என்றார். எல்லா இடத்திலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

கன்ட்ரோலர் எந்த வகை என்பதை அவர் முடிவு செய்த விதம் வேறு எங்கேயாவது உண்டா, தெரியவில்லை. பௌர்ணமிதோறும் மில் முதலாளிகளைக் கிரிவலம் அழைத்துப் போவார். மாலையில் கிளம்பி, செருப்பில்லாமல், பதினான்கு கிலோமீட்டரும் அவர்களோடு நடப்பார். மில்லில் எண்ண வேண்டியதை மலையைச் சுற்றியபடி பேசித் தீர்ப்பார். அக்னி லிங்கத்தைத் தாண்டும்போது முதலாளி தன் மச்சான் மில்லில் என்ன டப்பா இருக்கிறது என்று சொல்வார். நிருதி லிங்கத்தில், மோட்டார்களின் ஓட்டத்தைக் காட்டுகிற திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பார். ஈசான்ய லிங்கம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் வீங்கின காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு எனக்கு அந்தப் பட்டியலைச் சொல்வார். "இது நடக்காது சார்" என்றால் அவருக்கு முகம் வாடிவிடும். "அண்ணாமலையாரைச் சுத்தும்போது வாய்விட்டுக் கேட்டாரும்மா. அங்க வெச்சு எப்பிடிம்மா முடியாதுன்றது?" என்பார். மலையைச் சாட்சி வைத்துக் கேட்டது எதுவாக இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவருடைய பக்தி. அவரோடு நடந்த முதலாளிகளுக்கும் அதுதான் பக்தி. மலை பாவம், அது யாருக்கும் டப்பா சிபாரிசு செய்ததில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு வெளியே இருந்த ஒரு ரைஸ் மில்லுக்கும் அப்படித்தான் முடிவானது.

அந்த மில்லில் நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் ஒன்று இருந்தது. பெல்ட்டில் வரிசையாகக் கிண்ணங்கள் பொருத்தியிருக்கும். கீழே பள்ளத்திலிருந்து நெல்லை அள்ளி மேலே கொட்டும். பள்ளத்தில் நெல் அடைத்துக்கொண்டால் மோட்டாரை நிறுத்தி, அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்து, கையை விட்டு வாரி எடுக்க வேண்டும். அந்த வேலையை அஞ்சலை என்ற பெண் செய்தாள். மோட்டாரை ஓட்டுகிற ஆபரேட்டர் ஏழுமலை, அவளுடைய கூடப் பிறந்த தம்பி. பழைய நாளில் ஏழுமலை எலிவேட்டர் பக்கத்திலேயே நிற்பான். அக்கா கதவை மூடிவிட்டுக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினால் ஓட்டுவான். இப்போது முதலாளி மேலே கண்ணாடி வைத்த ஏசி அறை கட்டியிருந்தார். ஏழுமலை இனிமேல் அங்கே உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்டினால் போதும். அங்கிருந்து பள்ளம் தெரியாது.

நான் மில்லைச் சுற்றி எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு கம்பிகள் கன்ட்ரோலருக்கு வர வேண்டும். முதலாளி கிரிவலத்தில் கேட்டிருந்தது பதினான்கு கம்பி மட்டும் ஏற்கிற சின்ன டப்பா, ஏனென்றால் அவருடைய மச்சான் மில்லில் அதுதான் ஓடுகிறது. மச்சானுடையது பாதி அளவு மில் என்பது அவருக்கு நினைவில்லை. கூடவே ஆரணியில் எங்கேயோ பார்த்த மாதிரி பெரிய வண்ணத் திரை வேண்டும், அதில் எல்லாமே தெரிய வேண்டும். எலிவேட்டரின் அடிக்கதவு திறந்திருந்தால் சிவப்பும் மூடியிருந்தால் பச்சையுமாக ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும்.

இவர் இரண்டுக்கும் கரெக்ட் சொல்லிவிட்டு வந்திருந்தார். சிலவற்றைச் சேர்த்துக் கட்டி, சிலவற்றை விட்டு, எப்படியோ பதினான்கில் அடக்கினேன். அடிக்கதவின் சுவிட்சுக்கு இடம் இல்லை. கதவில் சுவிட்சை மாட்டி, பேனல் வரைக்கும் கம்பியை இழுத்தாயிற்று. அதன் முனை டேப் சுற்றி உள்ளே சும்மா கிடந்தது.

"சார், இந்த ஒண்ணுக்காவது பெரிய வகைக்கு மாறணும். இல்லைன்னா கன்ட்ரோலரைக் கேக்காமலே கதவு தெறந்தா மோட்டார் நிக்கிற மாதிரி நேரா லைன்ல போட்டுடலாம். எப்படியும் அதைப் போட்டுத்தான் ஆகணும்" என்றேன்.

"கரெக்ட்மா. நானும் மொதலாளியாண்ட சொன்னேன். கதவு லேசா ஆடினாகூட மெஷினு நின்னுடும், ஓட்டம் கம்மியாயிடும்னாரு. அதுவும் கரெக்ட்தானே?"

"அப்போ திரையில அந்த விளக்கு?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்போதைக்குப் பச்சையா வெச்சுடும்மா. பின்னாடி பெரிய டப்பா வாங்குவாரு, அப்ப நெசமாக்கிடலாம்."

வைத்தேன். சின்ன வட்டம், உள்ளே பச்சை, கீழே "அடிக்கதவு மூடியுள்ளது" என்று எழுத்து. அதற்குப் பின்னால் எந்தக் கம்பியும் இல்லை. காலண்டர் படத்தில் எரிகிற குத்துவிளக்கு மாதிரி, எப்போதும் எரியும். மற்ற விளக்குகளோடு பார்த்தால் வித்தியாசம் தெரியக்கூடாது என்று ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைப் பளபளப்புக்கூடக் கொடுத்தேன்.

பூஜை போட்ட அன்று பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதலாளி திரையைத் தொட்டார். மலையின் படம் வந்து மறைந்து எல்லா விளக்கும் எரிந்தன. ஏழுமலை என் பக்கத்தில் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். புதிதாக வாங்கிய சட்டை. "கதவ தொறந்தா இது செவப்பாவுமா மேடம்?" என்று என்னைக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "கரெக்ட்! டக்குனு செவப்பாயிடும்." சொல்லிவிட்டு ஏழுமலையின் தோளில் தட்டினார். நான் சர்க்கரைப் பொங்கல் இருந்த தொன்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாம் நாள் பள்ளத்தில் முதல் தடவையாக நெல் அடைத்தது. ஏழுமலை மேலே மோட்டாரை நிறுத்தினான். அஞ்சலை கதவைத் திறந்து வார ஆரம்பித்தாள். குழாயில் தட்டுகிற பழக்கமெல்லாம் இனிமேல் வேண்டாம், திரையே சொல்லிவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து ஏழுமலை திரையைப் பார்த்தான். பச்சை. அக்கா வேலையை முடித்துக் கதவை மூடிவிட்டாள் என்று ஓட்டினான். அவளுடைய வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான்.

மறுநாள் காலையில் எங்கள் சார் கண்கள் சிவந்து பட்டறைக்கு வந்தார். அழுதிருந்தார். அது நிஜமான அழுகைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் எல்லாருக்காகவும் அழுவார். "அந்தப் பச்சை லைட்டை மொதல்ல எடுத்துடும்மா. இனிமே யாரும் அதைப் பாத்து ஏமாறக்கூடாது" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. போய் எடுத்தேன். அந்த இடத்தில் மில்லின் பெயரைப் போட்டேன். பழைய வடிவம் என் லேப்டாப்பில் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் நான் என்ன செய்துவிட்டு வருகிறேன் என்பது உறைத்தது.

ஏழுமலை எல்லாரிடமும் "பச்சை காட்டுச்சு, அத பாத்துதான் ஓட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திரையைப் பார்த்தார். அங்கே பச்சை விளக்கும் இல்லை, கதவு என்ற சொல்லும் இல்லை. அப்படி ஒரு விளக்கைக் கேட்டு வாங்கியவரே முதலாளிதான். ஆனாலும் அது எரிந்ததா, எந்த மூலையில் இருந்தது என்று அவருக்கே நினைவில்லையாம். பொய் சொல்கிறான், போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்று மில் முழுக்கப் பேசினார்கள். அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று தொழிற்சாலை ஆய்வாளர் வந்து நடத்தும் விசாரணையில் எழுதிவிட்டால் இந்தப் பக்கத்தில் எந்த மில்லிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள்.

நான் பட்டறையில் எங்கள் சாரிடம் போய்ச் சொன்னேன். "நம்ம தப்பு சார் இது. அந்தப் பையன் பேரு கெடுது."

"கரெக்ட்மா. மனசு கேக்கல எனக்கும். ஆனா வெளிய வந்தா உன் பேருதானே மொதல்ல வரும்? வரைஞ்சது நீ. எனக்கு அதான் கவலை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மிரட்டல் துளியும் இல்லை. என்மேல் உண்மையான அக்கறை இருந்தது. அந்த அக்கறையை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த மில்லின் வேலையைப் பார்த்தேன். அப்படியே ஒன்றரை மாதம் போனது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அஞ்சலையைப் பார்க்கப் போனேன். கீழ்பென்னாத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆப்பிள், சாத்துக்குடி, சத்துமாவு டப்பா.

"எல்லாம் உங்க சாரு வாங்கியாந்தது. நாலு தபா வந்துட்டாரு. பக்கத்துல குந்திக்கினு கொழந்தையாட்டம் அழுவறாரு" என்றாள். "நா இன்னா சொன்னாலும் பொறுமையா கேட்டுக்கறாரு. என் தம்பிதான் ஒழுங்கா பாத்திருக்கணும்னேன். கரெக்ட் அக்கா, உன் தம்பிதான் பாத்திருக்கணும்னாரு. வெளி ஆளுக்கே தெரியுது பாரும்மா."

"தம்பி வரலையா?"

"வருவான். வாசல்லயே நிப்பான். நா மூஞ்சிய திருப்பிக்குவேன். சோறு போட்டு வளத்தவளோட கை உள்ள கீதா வெளிய கீதானு எறங்கி வந்து பாக்கறதுக்கு இன்னா அவனுக்கு? லைட்டு எரிஞ்சுதாம், லைட்டு!"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் இடது கையால் ஒரு ஆப்பிளை எடுத்து என்னிடம் நீட்டினாள், அறுத்துத் தர முடியவில்லை என்று வருத்தப்பட்டாள். அந்த ஆளுடைய ஆப்பிள். பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு மாட்டுக்குப் போட்டேன்.

நாலு தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். நாலு தடவையும் பச்சை விளக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டே, அக்காவின் வாயிலிருந்து வந்ததை அக்காவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு கெட்டவனாக இருந்தால் திட்டமிட்டுச் செய்தான் என்று சொல்லலாம். இவர் திட்டமிடவில்லை. எதிரே இருப்பவரின் முகம் ஒரு நிமிஷம் சுருங்குவதைப் பார்க்க இவரால் முடியாது, அவ்வளவுதான். அதற்காக யாருடைய தம்பியையும் விட்டுக் கொடுப்பார். இப்படி ஒரு மென்மையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்க விரும்பவில்லை.

விசாரணை மில்லிலேயே நடந்தது. ஆய்வாளர் மேசையில் பேப்பர்களைப் பரப்பியிருந்தார். முதலாளி, அவர், நான் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஏழுமலை மட்டும் நின்றான். திரையில் விளக்கு இருந்தது என்று அவன் மறுபடி சொன்னபோது முதலாளி சிரித்தார். நான் லேப்டாப்பைத் திறந்து பழைய வடிவத்தை ஆய்வாளர் பக்கம் திருப்பினேன். விளக்கு இருந்தது, அது வெறும் படம், கதவோடு அதற்குத் தொடர்பில்லை, வரைந்தது நான், மறுநாள் அழித்ததும் நான் என்று சொன்னேன். பேனலைத் திறந்து டேப் சுற்றிக் கிடந்த கம்பியையும் காட்டினேன்.

ஆய்வாளர் எங்கள் சாரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அந்தப் பொண்ணு சொல்றது கரெக்ட் சார்" என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல்.

முதலாளி எகிறினார். "யோவ், பதினாலே தாராளம், எல்லாம் அடங்கிடும்னு நீதானேயா சொன்ன?"

"மொதலாளி சொல்றதும் கரெக்ட்தான் சார்."

ஆய்வாளர் இரண்டையும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுத ஆரம்பித்தார். ஏழுமலையின் மேல் தவறில்லை என்று எழுதினார். எங்கள் சார் பெயரையும் மில் முதலாளி பெயரையும் எழுதினார். என் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். படியில் இறங்கும்போது அவர் என் பக்கமாக வந்து கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவரிடம் நான் செய்த ஒரே மரியாதையான காரியம் அதுதான்.

அன்று மனசு லேசாக இருந்தது. இனி அந்தப் பட்டறைக்கு வேலைக்குப் போக முடியாது, போகட்டும். நியாயத்தைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிர்வுகூட வந்திருந்தது. மில் வாசலில் உமி லாரி நின்றிருந்தது. அதன் நிழலில் ஏழுமலை காத்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த லைட்டு பொய்யினு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

நான் லேப்டாப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டேன். அவனே பேசினான்.

"எல்லாரும் லைட்டே இல்லைனாங்க. போய்ப் பாத்தா நெசமாவே இல்ல. ஒருவேளை செவப்பத்தான் நா பச்சைனு பாத்துட்டனோ, எங்கக்கா கைய நானே எடுத்துட்டனோனு ஆயிப்போச்சு மேடம். ரோட்டுல சிக்னல பாத்தாகூட பக்கத்துல நிக்கறவனாண்ட இன்னா கலருனு கேட்டுக்கினு இருந்தேன். அப்பறம் கண்ணாஸ்பத்திரிக்கிப் போனேன்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தான். மடிப்பெல்லாம் கிழிகிற மாதிரி இருந்தது. ஒன்றரை மாதமாக எத்தனை பேரிடம் பிரித்துக் காட்டினானோ.

"தெரியும்ல மேடம்?"

"தெரியும்" என்றேன்.

அவன் திட்டவில்லை. சீட்டை என் கையில் வைத்துவிட்டு அக்கா வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். நான் லாரி நிழலிலேயே நின்று அதைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் நிறப் பார்வை சரியாக இருக்கிறது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.